ஆறு பைட்டு அண்டம்

மதுக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “இப்போது ஒரு கேமை இறக்கவே 100 ஜிபி இடம் கேட்கிறது. 1984-ல் வந்த ‘எலைட்’ என்ற பிரிட்டிஷ் விளையாட்டில் 2,048 ஊர்களுக்கு விண்கலத்தில் போய் வியாபாரம் செய்யலாமாம்; அது 32 கேபி கணினியில் ஓடியதாம். நிஜமா, கதையா?” தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கண்டு சொல்ல வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை நட்டிருக்கும் பகுதியிலிருந்து பழைய கணினியைப் பற்றிக் கேள்வி வருவது மகிழ்ச்சிதான். நிஜம். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் அதே மூச்சில் “அந்தக் காலத்து ஆட்கள் மேதைகள், இந்தக் காலத்து ஆட்கள் சோம்பேறிகள்” என்றும் சேர்த்துவிடுவார்கள். அது சரியில்லை. அந்த 2,048 இடங்களும் கணினிக்குள் இருக்கவே இல்லை. கேட்டபோது கணக்குப் போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிராபென், இயான் பெல் இருவரும் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதினார்கள், அகார்ன்சாஃப்ட் 1984 செப்டம்பரில் வெளியிட்டது. 1993, 1995, 2014 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சிகள் வந்தன. இதே பிபிசி மைக்ரோவைத்தான் 1984-85-ல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் மத்திய அரசு நம் பள்ளிகளுக்கும் அனுப்பியது. கணினியைத் தொட்டுப் பழகட்டும் என்று வந்த பெட்டி அது. விண்வெளிக்கும் போய்வரத் தெரிந்த பெட்டி என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லியிருக்காது.

இனி விஷயத்துக்கு வருவோம். விளையாட்டின் பிரபஞ்சம் முழுவதற்கும் கைமுதல் மூன்றே எண்கள்: 23114, 584, 46931. எண்ணுக்கு இரண்டு பைட்டு வீதம் மொத்தம் ஆறு பைட்டு. விதியும் ஒன்றுதான். மூன்றையும் கூட்டு, முதல் எண்ணைத் தூக்கிப் போடு, மற்ற இரண்டையும் முன்னால் நகர்த்திக் கூட்டுத்தொகையைக் கடைசியில் வை. இரண்டு பைட்டுக்குள் 65,535-க்கு மேல் கொள்ளாது என்பதால், தொகை 65,536-ஐ எட்டினால், அதற்குக் கீழே வரும்வரை 65,536-ஐக் கழிக்க வேண்டும். கைபேசியிலேயே போட்டுப் பார்க்கலாம். மூன்றும் சேர்ந்து 70629, கழித்தால் 5093. அடுத்த சுற்றில் 584, 46931, 5093 மூன்றும் கூடி 52608. அதற்கடுத்த சுற்றில் கழித்தது போக 39096. இனி பெயர் வைக்க வேண்டியதுதான். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் நிற்கும் எண்ணை 256-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, கிடைத்ததை 32-ஆல் வகுத்தால் என்ன மீதி? 46931-க்கு 23, 5093-க்கு 19, 52608-க்கு 13, 39096-க்கு 24. நிரலுக்குள் ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாக ஒரு பட்டியலில் இருக்கின்றன. அதில் 23-ஆம் இடத்தில் ‘டி’ (TI), 19-ல் ‘பெ’ (BE), 13-ல் ‘டி’ (DI), 24-ல் ‘எட்’ (ED). முதல் ஊரின் பெயர் டிபெடியெட். அங்கே என்ன ஆட்சி? 584-ஐ 8-ஆல் வகுத்தால் 73. அதை இன்னொரு முறை 8-ஆல் வகுத்தால் மீதி 1. ஒன்று என்றால் நிலப்பிரபுத்துவம். என்ன பிழைப்பு? 23114 சொல்கிறது: ஏழைத் தொழில் நாடு. நான்கு சுற்று முடிந்தால் அடுத்த ஊர், 256 ஊர் முடிந்தால் ஒரு விண்மீன் மண்டலம். அடுத்த மண்டலத்துக்குப் புது எண்கூடத் தேவையில்லை. ஆறு பைட்டுகளிலும் உள்ள பிட்டுகளை ஓர் இடம் இடப்பக்கமாகச் சுழற்றினால் போதும். பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் எட்டாவது சுழற்சியில் பழைய எண்களே திரும்பி வந்துவிடும். அதனால்தான் எட்டு மண்டலம். இதில் தற்செயலாக நடப்பது எதுவுமில்லை. ஊரை விட்டுக் கிளம்பினால் கணினி அதை மறந்துவிடும். திரும்பி வந்தால் அதே கணக்கு, அதே டிபெடியெட், அதே நிலப்பிரபு.

இது நமக்குப் புதிதல்ல. மார்கழியில் பத்திரிகைகளில் கோலத்துக்குக் கீழே “15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை” என்று போடுவார்களே, அந்த ஒரு வரிதான் ஆறு பைட்டு. கோலத்தை யாரும் மடித்துப் பீரோவில் வைப்பதில்லை. பொழுது ஏறினால் அழிகிறது, மாடு மிதிக்கிறது, எறும்பு தின்கிறது. மறுநாள் அதே வரியையும் அதே இழுப்பு முறையையும் கொண்டு அதே கோலம் எழுகிறது. மண்டலம் மாற்றுவது என்பது அதே புள்ளிகளை வாசலின் இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்து வேறொரு சிக்குக் கோலம் இழுப்பது. கோலமாவு தீர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிடாதீர்கள், உவமை அங்கே நொண்டும். ஆனால் இது வெறும் உவமையும் அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளால் பிறப்பிக்கலாம் என்று 1974-லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். எலைட் வர இன்னும் பத்தாண்டு இருந்தது. கேம்பிரிட்ஜ்காரர்கள் இங்கிருந்து எடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். அப்படி எந்தச் சான்றும் இல்லை. சிறு விதியிலிருந்து பெரு வடிவம் என்ற எண்ணம் இரண்டு இடங்களில் தனித்தனியே முளைத்திருக்கிறது.

அப்படியானால் 100 ஜிபி எதற்கு என்று வாசகர் விடமாட்டார். கோலம் போடுகிறவருக்கு என்ன வடிவம் வரும் என்று முன்பே தெரியும். எலைட் விதிக்கு அது தெரியாது. வந்ததை ஏற்க வேண்டியதுதான். எண்ணிலிருந்து ஊருக்குப் போகும் பாதை நேரானது. ஊரிலிருந்து எண்ணுக்குத் திரும்பும் பாதை அநேகமாக இல்லை. தர்மலிங்கேசுவரர் மலையும் சிமெண்ட் ஆலையும் ரயில் நிலையமுமாக மதுக்கரை அப்படியே வேண்டும் என்றால், அதைப் பிறப்பிக்கும் மூன்று எண்களைத் தேடி யாரும் கண்டுபிடிக்க முடியாது. இன்றைய விளையாட்டுகளில் நடிகரின் குரல், சுவரின் காரை, முகத்தின் சுருக்கம் எல்லாம் குறிப்பிட்டவை, ஒருவர் பதிவு செய்தவை அல்லது வரைந்தவை. அவற்றைச் சேமித்துத்தான் ஆகவேண்டும். எலைட் கோப்பைச் சுருக்கிய வித்தை அல்ல. எது வந்தாலும் சரி என்று சம்மதித்ததற்குக் கிடைத்த தள்ளுபடி.

அந்தச் சம்மதத்துக்கும் எல்லை இருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். ஆறு பைட்டில் 2-இன் 48-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 281 லட்சம் கோடி தொடக்கங்கள் சாத்தியம். எழுதியவர்கள் அத்தனை மண்டலங்களையும் கொடுத்துவிடத்தான் நினைத்தார்கள். அவ்வளவு கொடுத்தால் எல்லாம் கணக்குதான் என்பது வெளுத்துவிடும் என்று அகார்ன்சாஃப்ட் மறுத்தது. பிறகு எண்களை மாற்றி மாற்றிப் போட்டு, வந்த மண்டலங்களைப் பார்த்துப் பார்த்துக் கழித்தார்கள். ஒரு மண்டலத்தில் ஓர் ஊரின் பெயர் ஆங்கிலக் கெட்ட வார்த்தையாக வந்து தொலைத்ததால் அந்த மண்டலமே குப்பைக்குப் போனது. பிறப்பித்தது கணினி, பொறுக்கியது மனிதக் கண். 2,048 ஊர்களுமே ஒன்றுபோல் இருக்கின்றனவே என்று ஆட்சேபிக்கலாம், நியாயம்தான். பொறுக்கியும் அப்படியென்றால், பொறுக்காமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

பதிலை 2016-ல் பார்த்தோம். ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் விளையாட்டு 2-இன் 64-ஆம் அடுக்கு எண்ணிக்கையில், அதாவது சுமார் 1.8 லட்சம் கோடி கோடி கோள்கள் என்ற விளம்பரத்தோடு வந்தது. வந்த புதிதில் எங்கே போனாலும் ஒரே மாதிரி என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். பல ஆண்டுகளாகப் புதுப் புது அம்சங்களைச் சேர்த்துத்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்தப் பிரம்மாண்ட எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: 64 பிட், அதாவது எட்டு பைட்டு. எலைட்டின் ஆறு பைட்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் எண்ணிக்கை 65,536 மடங்காகிவிடுகிறது. அந்த இரண்டு பைட்டுக்கு யாரும் ஒரு நாள்கூடக் கூடுதலாக உழைக்கத் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவு முடிவில்லாத உலகங்களைப் படைத்துத் தரும் என்று இப்போது வரும் அறிவிப்புகளைப் படிக்கும்போது, எத்தனை உலகம் என்பதை விட்டுவிட்டு, எத்தனையைப் பார்த்துத் தள்ளினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கை எந்த விளம்பரத்திலும் இருக்காது.