எழுந்து நடக்கச் செய்யும் மருத்துவம்



நம் நீலகிரியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயொருத்திக்குக் குடலில் அறுவைச் சிகிச்சை என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் முதல்நாள் இரவே அவரைப் பட்டினி போடுவர். சிகிச்சை முடிந்தபின் படுக்கையை விட்டு அசைய விடார். இரண்டும் அன்பின் செயல்களே. நெடுங்காலம் மருத்துவர்களும் அவ்வாறே விதித்து வந்தனர். அவ்விதி சரிதானா என ஆராய்ந்து, 1990களில் புதுநெறி வகுத்தவர் டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலட். அந்நெறியை விரைவு மீட்சி முறை எனலாம்.

கத்தி பட்டதும் உடல் பேராபத்து வந்ததாகக் கருதி, சேமித்த சர்க்கரையையும் தசைப் புரதத்தையும் கரைத்துச் செலவிடுகிறது. நெடும்பட்டினி இந்நிலையை மிகுவிக்கும். ஆதலின், பொதுவாகத் திட உணவை ஆறு மணி நேரத்திற்கு முன் நிறுத்தினாலும், தெளிந்த நீர்மங்களை இரண்டு மணி நேரத்திற்கு முன்பு வரை பருகலாம் என்பது இன்றைய விதி. நம் தேநீரையே பாருங்கள்: பால் கலவாதது தெளிந்த நீர், பால் கலந்தால் அது உணவுக் கணக்கில் சேரும்.

சிகிச்சைக்குப்பின் சிறுகுடல் சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்குகிறது. பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அபினி வகை வலிமருந்துகள் அவ்வசைவை மந்தமாக்குவதால் அவற்றைக் குறைத்து, வேறு வழிகளால் வலியை அடக்குவர். படுத்தே கிடந்தால் தசை தளரும்; கால் நாளங்களில் இரத்தம் உறையலாம்; நுரையீரலில் சளி தேங்கலாம். எனவே அன்றோ மறுநாளோ நடக்கச் செய்து, சிறிது சிறிதாக உணவும் தருவர்.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள், முன்சிறுகுடற் புண் துளைத்து அவசரமாக வந்த நோயாளரை இரு பிரிவாக்கி இம்முறையைச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். மருத்துவமனையில் தங்கும் காலம் சராசரியாக நான்கு நாட்களுக்கு மேல் குறைந்திருந்தது. நாட்கூலிக் குடும்பத்திற்கு நான்கு நாள் என்பது அடுப்பெரியும் கணக்கு அன்றோ?

எல்லா நோயாளருக்கும் ஒரே அளவு பொருந்தாது; மருத்துவர் சொல்லே முடிவு. ஆயினும், "எழுந்து நடங்கள், பாட்டி" என்று செவிலியர் சொல்லும்போது, "பாவம், படுத்திருக்கட்டும்" என்று தடுப்பவர் பெரும்பாலும் வீட்டாரே. அவ்வேளையில் காரணத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்; பாட்டிக்கு உங்கள் தோளைக் கொடுங்கள்.