ஒரு ராத்திரிக்கு ரூ.80 ஆயிரம்!

ராத்திரி 10 மணி. கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். வெளியே மரக்கிளை முறிகிற சத்தம். மெல்ல எழுந்து, திரையை விலக்கிப் பார்க்கிறீர்கள்.

பத்தடி தூரத்தில் ஒரு யானை நிற்கிறது!

காவலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போட முடியாது. யானை உங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது இருக்கிற இடத்துக்கு நீங்கள்தான் பணம் கட்டிப் போயிருக்கிறீர்கள்.

எங்கே இது?

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் போட்ஸ்வானா என்று ஒரு நாடு. 1966-ல் சுதந்திரம் பெற்ற நாடு. அங்கே ஏறக்குறைய 1 லட்சத்து 30 ஆயிரம் காட்டு யானைகள் உண்டு. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இத்தனை யானைகள் கிடையாது.

அந்த நாட்டின் வடக்கு எல்லையில் சோபே என்ற ஆறு ஓடுகிறது. அதன் கரைக் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்த ஆற்றங்கரையில் வசதி படைத்தவர்களுக்கான விடுதிகள் இருக்கின்றன.

மேலே கூரை, உள்ளே ராஜபோகம்!

வெளியில் இருந்து பார்த்தால் புல் வேய்ந்த குடிசை போல இருக்கும். உள்ளே போனால் மெத்தை, கொசுவலை, வெந்நீர்த் தொட்டி எல்லாம் தயார். ஆற்றைப் பார்த்தபடி ஒரு திண்ணை. அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது.

விடியற்காலை கதவைத் தட்டி எழுப்புகிறார்கள். தேநீர் குடித்ததும் திறந்த ஜீப்பில் காட்டுக்குள் பயணம். சிங்கம், காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி என்று எது கண்ணில் படுகிறதோ அது அன்றைய அதிர்ஷ்டம். திரும்பி வந்தால் பெரிய விருந்து. பகல் வெயிலில் தூக்கம். மாலையில் மோட்டார் படகு.

இருட்டியபின் மட்டும் ஒரு கண்டிப்பு. விருந்தினர் தனியாக அறைக்கு நடக்கக் கூடாது. விளக்குடன் ஓர் ஆள் கூடவே வருவார். நீர்யானைகள் ராத்திரியில்தான் கரை ஏறிப் புல் மேயும். குறுக்கே போனால் ஆபத்து!

நீந்தும் யானைகள்

சோபே ஆற்றின் நடுவே ஒரு தீவு இருக்கிறது. பெயர் செடுடு. மழைக்காலம் போனபின் அங்கே பச்சைப் புல் நிற்கும். அதைத் தின்ன யானைகள் ஆற்றை நீந்திக் கடக்கின்றன. உடம்பெல்லாம் தண்ணீருக்குள், துதிக்கை மட்டும் வெளியே. குட்டிகளை நடுவில் விட்டு, பெரிய யானைகள் இரு பக்கமும் நீந்தும்.

இந்தத் தீவு யாருக்குச் சொந்தம் என்று போட்ஸ்வானாவுக்கும் பக்கத்து நாடான நமீபியாவுக்கும் தகராறு வந்தது. ஹேக் நகரத்துச் சர்வதேச கோர்ட்டு வரை போனார்கள். 1999-ல் போட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்பு ஆயிற்று. யானைகள் அன்றும் நீந்தின, இன்றும் நீந்துகின்றன.

ஏன் இத்தனை வாடகை?

இங்கே சில விடுதிகளில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,000 அமெரிக்க டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். நம் பணத்தில் 80 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சாப்பாடு, ஜீப், படகு எல்லாம் அதில் அடக்கம்.

கூட்டம் குறைவாக வரட்டும், பணம் அதிகமாக வரட்டும் என்பது அந்த நாட்டு அரசாங்கத்தின் கொள்கை. கூட்டம் பெருத்தால் காடு கெடும் என்பது அவர்கள் கணக்கு. உள்காட்டு விடுதிகள் சிலவற்றுக்கு அரிசி, காய்கறி கூடச் சிறு விமானத்தில்தான் போகிறது.

ஆனால், யானை பயணிக்குக் காட்சி. உள்ளூர் விவசாயிக்குக் கவலை. ஒரே ராத்திரியில் விளைந்த வயல் காலி! 2014-ல் அந்த நாட்டில் வேட்டைக்குத் தடை போட்டார்கள். விவசாயிகளின் முறையீடு பெருகியது. 2019-ல் தடையை நீக்கினார்கள்.

நம் மாநிலத்திலும் இந்த வம்பு உண்டு. நீலகிரியில் மசினகுடிப் பக்கம் யானைகள் போகும் வழியிலேயே உல்லாச விடுதிகள் முளைத்தன. 2018-ல் பல விடுதிகளுக்குச் 'சீல்' வைக்கப்பட்டது. யானை வழியை யானைக்கே விட வேண்டும் என்று 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

பெயரில் ஒரு வேடிக்கை!

இந்தப் பயணத்துக்குச் 'சபாரி' என்று பெயர். அது சுவாகிலி மொழிச் சொல். அரபு மொழியில் இருந்து அங்கே வந்தது. அர்த்தம் என்ன தெரியுமா? பயணம். நாம் யாத்திரை என்கிறோமே, அதேதான்!

அப்படியானால் ஆற்றங்கரைச் 'சபாரி' விடுதி நம் ஊரிலும் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையில், பஞ்சக்கரை ரோட்டில். பெயர் 'யாத்ரி நிவாஸ்'. யாத்திரை வருகிறவர் தங்கும் இடம்!

2014-ல் திறக்கப்பட்ட இந்த விடுதியில் ஏறக்குறைய ஆயிரம் பேர் தங்கலாம். தனி ஆளுக்குப் பொதுக்கூடம். குடும்பத்துக்கு அறை. யானை விலை, குதிரை விலை கிடையாது.

வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது இந்தச் சீமைக்குப் புதிதும் அல்ல. ராணி மங்கம்மாள் காலத்துச் சத்திரங்களை இன்றும் பேசுகிறோம். திருச்சியில் ஒரு பஸ் நிலையத்துக்கே 'சத்திரம்' என்று பெயர்!

இங்கே என்ன பார்க்கலாம்?

செடுடு போல ஸ்ரீரங்கமும் ஆற்றுத் தீவுதான். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் அரங்கன்.

விடியற்காலை கொள்ளிடக் கரைக்குப் போங்கள். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் உங்களுக்கு முன்பே எழுந்து வேலையில் இறங்கியிருக்கும். இரண்டு ஆறுகளுக்கும் இடையில் மேலணைக் காட்டில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். சுமார் 25 ஏக்கர். சிங்கம் இல்லையே என்று குழந்தைகள் அழமாட்டார்கள். பூச்சியின் பின்னால் ஓடவே நேரம் சரியாக இருக்கும்.

ஆற்றை மட்டும் லேசாக நினைக்க வேண்டாம். வெறும் மணலாகக் கிடக்கும் கொள்ளிடம், மேட்டூரில் வெள்ளம் திறந்தால் கடலாகிவிடும். 2018 ஆகஸ்டு 22-ந்தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போய்விட்டன. அது ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய அணை. அதே மாதத்தில் ஸ்ரீரங்கத்துப் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. கிழக்கே அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு. ஆகவே குழந்தைகளின் கையை விடாதீர்கள். ஆழம் தெரியாத இடத்தில் இறங்காதீர்கள்.

"ஆற்றங்கரை சரி, யானை?" என்று கேட்பீர்கள்.

ஐப்பசி மாதம் போங்கள். காலையில் அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் நில்லுங்கள். பெருமாளின் திருமஞ்சனத்துக்குக் காவிரித் தண்ணீர் தங்கக் குடத்தில் யானை மேல் ஏறிப் போகும். காட்டு யானை அல்ல, கோவில் யானை. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.