வங்கியின் தர்மக் கணக்கும் உங்கள் பாஸ்புக்கும்

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரிலிருந்து காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்களில் வங்கிக் கணக்கு இல்லாதவரைப் பார்ப்பது இன்று அரிது. சம்பளம் கணக்கில் ஏறுகிறது. குழுக் கடன் தவணை கணக்கிலிருந்து இறங்குகிறது. ஊரக வேலைத் திட்டக் கூலி, முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை எல்லாவற்றுக்கும் அதே பாஸ்புக்தான். ஆனால் அந்த வங்கியின் தலைவரை நியமிப்பது யார், அரசியலோடும் பெரிய தொழில் குழுமங்களோடும் வங்கிக்கு என்ன உறவு, ‘சமூகப் பொறுப்பு’ என்று அது செலவிடும் பணம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. நம் நாட்டின் மிகப் பெரிய வங்கியான பாரத ஸ்டேட் வங்கியை எடுத்துக்கொண்டு இவற்றைப் பார்ப்போம். மற்ற வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தலைவரை அமர்த்துவது யார்?

1843-இல் தொடங்கிய மதராஸ் வங்கி, வேறு இரண்டு மாகாண வங்கிகளோடு சேர்ந்து 1921-இல் இம்பீரியல் வங்கியானது. அதுவே தனிச் சட்டத்தின் மூலம் 1955 ஜூலை 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியாக மாறியது. இன்றும் அதன் பங்குகளில் பாதிக்கு மேல் மத்திய அரசிடம் இருக்கிறது. தலைவர் பதவிக்குரியவரை 2022 முதல் நிதிச் சேவை நிறுவனங்களுக்கான ஆட்தேர்வு அமைப்பு ஒன்று நேர்காணல் செய்து பரிந்துரைக்கிறது. இறுதி முடிவு பிரதமர் தலைமையிலான நியமனக் குழுவின் கையில். 2024 ஆகஸ்டில் தினேஷ் குமார் காரா ஓய்வு பெற்று சி.எஸ். ஷெட்டி பொறுப்பேற்றதும் இந்த வழியில்தான்.

இதில் முறைகேடு இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கியில் பணம் போட்டிருக்கும் கோடிக்கணக்கான மக்களுக்கு இந்தத் தேர்வில் எந்தக் குரலும் கிடையாது. ஊழியர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இயக்குநர் குழுவில் சட்டம் இடம் ஒதுக்கியிருக்கிறது. பொதுத்துறை வங்கிகளில் அந்த இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடப்பதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டு வந்திருக்கின்றன. மேலிடத்தை நோக்கிப் பழகிய நிர்வாகம் கீழே நிற்பவரின் குரலைத் தானாகக் கேட்காது. கேட்க வைக்க வேண்டியிருக்கிறது.

ஓய்வுக்குப் பிந்தைய பதவிகளையும் பார்க்க வேண்டும். வங்கியின் முதல் பெண் தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா 2017 அக்டோபரில் ஓய்வு பெற்றார். ஓராண்டு கழித்து ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸின் சுயேச்சை இயக்குநரானார். ஜியோ பேமென்ட்ஸ் வங்கியில் அந்த நிறுவனத்தோடு பாரத ஸ்டேட் வங்கியும் அப்போது பங்குதாரராக இருந்தது. சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆனால் வங்கித் தலைமைக்கும் பெருநிறுவனங்களுக்கும் இடையிலான கதவு எவ்வளவு அகலம் என்பதற்கு இது பொதுவெளியில் உள்ள ஓர் எடுத்துக்காட்டு.

பத்திரம் விற்ற வங்கி

அரசியலோடு வங்கிக்கு இருந்த நேரடித் தொடர்பு தேர்தல் பத்திரத்தில் வெளிப்பட்டது. 2018 ஜனவரி 2 அன்று அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் பத்திரம் விற்கும் உரிமை பாரத ஸ்டேட் வங்கி ஒன்றுக்கு மட்டுமே. முதல் விற்பனை 2018 மார்ச்சில் நான்கு கிளைகளில் நடந்தது. அவற்றில் ஒன்று சென்னை. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை மதிப்புள்ள பத்திரங்களை வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் நன்கொடை தரக்கூடாது என்ற பழைய வரம்பும் நீக்கப்பட்டது. பத்திரம் அச்சிட்ட செலவும் வங்கிக்குரிய கமிஷனும் அரசின் தலையில், அதாவது நம் வரிப்பணத்தில் விழுந்தன.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் தகவல் உரிமையை மீறுகிறது என்று இத்திட்டத்தை ரத்து செய்தது. யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பணமாக்கியது என்பதை மார்ச் 6-க்குள் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கும்படி வங்கிக்கு உத்தரவிட்டது. வாங்கியவர் விவரமும் பெற்றவர் விவரமும் தனித்தனியே இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது வங்கி. ஜூன் 30 என்றால் மக்களவைத் தேர்தலே முடிந்துபோயிருக்கும். மார்ச் 11 அன்று நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்து, அவமதிப்பு நடவடிக்கை வரும் என்று எச்சரித்தது. நான்கு மாதம் தேவை என்று சொன்ன வங்கி மறுநாளே பட்டியலைக் கொடுத்துவிட்டது. பத்திர எண்களையும் மார்ச் 21-இல் கொடுத்தது.

அதன் பிறகுதான் நாட்டுக்கு உண்மை தெரிந்தது. அதிகமாகப் பத்திரம் வாங்கியது லாட்டரித் தொழில் நடத்தும் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம்: 1,368 கோடி ரூபாய். அதிகம் பெற்ற கட்சி பா.ஜ.க.: 2019 ஏப்ரலுக்குப் பின் மட்டும் சுமார் 6,060 கோடி. தி.மு.க. பெற்ற 656.5 கோடியில் 509 கோடி அதே லாட்டரி நிறுவனம் தந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு இல்லாமல் பல கட்சிகள் பயனடைந்த ரகசியத்துக்கு ஒரு பொதுத்துறை வங்கி காவல் இருந்தது. தேர்தல் ஆணையத் தளத்தில் விவரங்கள் வந்த பிறகும், தகவல் உரிமைச் சட்டத்தில் அவற்றைக் கேட்டவருக்கு வங்கி தர மறுத்தது.

பதிவே இல்லாத பரிந்துரை

அமெரிக்காவில் அரசிடம் ஆதரவு திரட்டும் முகவர்கள் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, செலவுக் கணக்கையும் காட்ட வேண்டும். எந்த வங்கி எந்தெந்த மசோதாக்களுக்காக ஆதரவு திரட்டியது, அதற்கு மொத்தம் எவ்வளவு செலவழித்தது என்று அந்நாட்டுக் குடிமகன் பார்த்துக்கொள்ள முடியும். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. யார் யாரைச் சந்தித்தார்கள், எதற்காகப் பேசினார்கள் என்பது படம் வெளியானால்தான் தெரியும்.

2014 நவம்பரில் பிரதமரின் ஆஸ்திரேலியப் பயணத்தின்போது, கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்காக அதானி குழுமத்துக்கு 100 கோடி டாலர் வரை கடன் தர பாரத ஸ்டேட் வங்கி புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. உலகின் பெரிய வங்கிகள் பல அந்தச் சுரங்கத்திலிருந்து ஒதுங்கி நின்ற நேரம் அது. நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் கேள்விகள் கிளம்பின. அந்த ஒப்பந்தம் கடனாக மாறவில்லை. நம் மாவட்டத்தின் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-இல் வாங்கியதும் அதே குழுமம்தான். யாருக்குக் கடன் போகிறது என்பது தலைநகரில் பேசி முடிக்கும் செய்தி மட்டுமல்ல. அந்தப் பணத்தின் ஒரு துளி நம் சேமிப்பு, அதன் விளைவு நம் கடற்கரை வரை வருகிறது.

தர்மம் எவ்வளவு, தண்டம் எவ்வளவு?

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ மதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தனியார் வங்கிகளுக்கு இது பொருந்தும். தனிச் சட்டத்தில் உருவான பாரத ஸ்டேட் வங்கிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. முந்தைய ஆண்டு லாபத்தில் ஒரு விழுக்காடு என்று அது தானே ஒரு கொள்கை வைத்திருக்கிறது. 2022-23-இன் லாபம் 50,232 கோடி. அதில் ஒரு விழுக்காடு சுமார் 502 கோடி. அந்த நிதியில் மருத்துவ ஊர்திகளும் பள்ளிக்கூட வசதிகளும் கிராம மேம்பாட்டுத் திட்டங்களும் நடக்கின்றன. நல்ல வேலைகள்தான், மறுக்க வேண்டியதில்லை.

அதோடு இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரலில் குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்குகளுக்கு அபராதம் விதிக்கும் முறையை வங்கி மீண்டும் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை, எட்டே மாதத்தில், வசூலானது சுமார் 1,771 கோடி. அதற்கு முந்தைய ஆண்டு லாபம் 10,484 கோடி. ஒரு விழுக்காடு என்றால் சமூகப் பொறுப்புக்கு ஏறத்தாழ 105 கோடி. கணக்கில் பணம் வைக்க முடியாதவரிடமிருந்து எடுத்தது, தர்மத்துக்கென்று ஒதுக்கும் தொகையைப் போலப் பதினாறு மடங்குக்கும் மேல். எதிர்ப்பு வலுத்தபின் கட்டணம் குறைந்தது. 2020 மார்ச்சில் முற்றிலும் கைவிடப்பட்டது.

ஏழைகளுக்கான அடிப்படைச் சேமிப்புக் கணக்கிலும் இதே கதை. மாதம் நான்கு முறைக்கு மேல் பணம் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 17.70 ரூபாய் பிடிக்கப்பட்டது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஆய்வொன்று இதை அம்பலப்படுத்தியது. மின்னணுப் பரிவர்த்தனைக்குப் பிடித்ததைத் திருப்பித் தரும்படி அரசு சொன்ன பிறகும், ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. ஆகவே ஒரு வங்கியின் சமூகப் பொறுப்பை அது திறந்துவைக்கும் பெயர்ப்பலகையில் தேடக்கூடாது. கட்டண அட்டவணையில் தேட வேண்டும்.

பாஸ்புக்கில் பார்க்க வேண்டியவை

பாஸ்புக்கை மாதம் ஒருமுறையாவது பதிந்து வரிவரியாகப் பாருங்கள். 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிந்திருந்தால் அவை முறையே ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு ஆகிய அரசுத் திட்டங்களின் ஆண்டுக் கட்டணம். நல்ல திட்டங்கள்தான்; ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் பிடிக்கக்கூடாது.

லோன் வேண்டுமென்றால் பாலிசி போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் எந்த வங்கிக்கும் இல்லை. தலையில் கட்டப்பட்ட ஆயுள் காப்பீட்டு பாலிசியை, அது கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

சுய உதவிக் குழுவுக்கான 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது. லேத் பட்டறை போன்ற குறுந்தொழிலுக்கும் குறைந்தது 10 லட்சம் வரை அதே விதி.

குறைந்தபட்ச இருப்பு கேட்கும் வங்கிகளில் அதை வைக்க முடியாதவர்கள் தங்கள் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம்.

உங்கள் கவனக்குறைவு இல்லாமல் வெளியார் யாரோ மின்னணு வழியில் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டால், செய்தி கிடைத்த மூன்று வேலைநாளுக்குள் வங்கிக்குத் தெரிவியுங்கள். அப்படிச் செய்தால் இழப்பு உங்களுடையது அல்ல என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி. கூடவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே அழையுங்கள்.

எங்கே, எப்படி முறையிடுவது?

முதலில் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோ புகார் எண்ணோ வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதிலில் நியாயம் இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்திலும் தபாலிலும் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

வங்கியின் செயல்பாடு பற்றி அறிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத்துறை வங்கிகள் அனைத்தும் அதன்கீழ் வரும். தனியார் வங்கிகள் வராது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: “கடந்த நிதியாண்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எந்த ஊரில், எந்தப் பணிக்கு, எந்த அமைப்பின் வழியாக, எவ்வளவு செலவானது?” 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். மறுப்பு வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். வங்கிகள் பற்றிய தகவலை ‘நம்பிக்கை உறவு’ என்று சொல்லி ரிசர்வ் வங்கி மூடிவைக்க முடியாது என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நிறுவனங்கள் தாங்கள் இயங்கும் பகுதிக்குச் சமூகப் பொறுப்பு நிதியில் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 135. கட்டாயம் அல்ல என்று அரசு விளக்கம் தந்திருந்தாலும், கிராம சபைத் தீர்மானம் கையில் இருந்தால் கேட்கும் குரலுக்குக் கனம் கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. ஊருக்கு ஏ.டி.எம். வேண்டும், குழுக் கடன் மறுக்கப்படுகிறது, காப்பீடு திணிக்கப்படுகிறது என்பவற்றையும் அங்கே தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் அனுப்புங்கள். ஆட்சியர் தலைமையில் நடக்கும் வங்கியாளர் கூட்டத்தில் அது பேசப்பட வேண்டிய பொருளாகும்.

தேர்தல் பத்திரப் பட்டியலும், அபராதக் கட்டண ரத்தும் வங்கி தானாகக் கொடுத்தவை அல்ல, கேட்டவர்களால் கிடைத்தவை. அடுத்த முறை பாஸ்புக்கில் புரியாத ஒரு கழிவைப் பார்த்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே எழுதிக் கேளுங்கள், நகலைப் பத்திரமாக வையுங்கள்.