மரம் ஏறிய விருந்தாளி

நம் ஆலயத்து மரக்கிளைகளில் ஒட்டி வளரும் செடிகளைப் 'புல்லுருவி' என்று வெட்டிவிடச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். வகுப்பிலும் மாணவர்களுக்கு அப்படியே சொல்லி வந்தேன். அது என் பிழை.

அவை காட்டு ஆர்க்கிட் செடிகள். புல்லுருவி மரத்தினுள் வேர் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டோ பட்டையைப் பற்றிக்கொண்டு, மழைநீரையும் அங்குச் சேரும் மட்கையும் கொண்டே பிழைக்கிறது.

நம் வட்டாரத்துச் சாலையோர மரங்களில் காண்பது புறா ஆர்க்கிட். திடீர் மழையால் வெப்பம் தணிந்தால், ஏறத்தாழ ஒன்பதாம் நாள் எல்லாச் செடிகளும் ஒருசேர வெள்ளையாய்ப் பூத்து மணக்கும். ஒரே நாளில் வாடிவிடும்.

செலண்டாருக்குக் கிழக்கே, 1,276 மீட்டர் உயர லேடாங் மலையில் வேறு பல ஆர்க்கிட்டுகளும் பூச்சி பிடிக்கும் கெண்டிச் செடிகளும் உண்டு. 1854இல் அம்மலையேறிய இயற்கை ஆய்வாளர் வாலஸ், கெண்டிகளில் தேங்கிய நீரைப் பருகியே தாகம் தீர்த்தார்.

ஆர்க்கிட் விதை தூசி போன்றது. உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. உரிய பூஞ்சையின் துணையிருந்தால்தான் காட்டில் முளைக்கும். பெயர்த்தெடுத்த செடியின் இடத்தில் இன்னொன்று எளிதில் வராது.

ஆகவே, பூசைக்குத் தோட்டத்தில் வளர்த்த ஆர்க்கிட்டை வாங்கித் தாருங்கள். மரத்திலுள்ளதை மரத்திலேயே விட்டுவைப்போம். அதுவும் இறைவனுக்குச் சாத்திய மலரே.