பக்கத்துக்கு 2 ரூபாயா, 10 பைசாவா? பிரிண்டர் இங்க் வாங்கும் முன் கணக்குப் போடுங்க!

கம்மாபுரம்:
சாதிச் சான்று, வருமானச் சான்று, சிட்டா, ஆதார் என்று எதற்கு அலைந்தாலும் கடைசியில் ஒரு பிரிண்ட் அவுட்டில்தான் வந்து நிற்கிறது. அதை நம்பி கம்மாபுரம், விருத்தாசலம் பக்கம் சின்னதாக ஒரு ரூம் பிடித்து கம்ப்யூட்டர், பிரிண்டர் போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிண்டர் வாங்கும்போது 500 ரூபாய்க்கு பேரம் பேசுவோம். அப்புறம் வருஷம் பூரா இங்க்குக்கு கொட்டுற காசை யாரும் எண்ணுவதில்லை.

கணக்கு ரொம்ப ஈஸி. இங்க் விலையை, அது எத்தனை பக்கம் வரும் என்று கம்பெனி சொல்கிற எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

எச்.பி. 680 கருப்பு கார்ட்ரிட்ஜ் 480 பக்கம் வரும் என்கிறது கம்பெனி. விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு கிட்டத்தட்ட 1 ரூபாய் 90 பைசா. எப்சன் டேங்க் பிரிண்டருக்கான 003 கருப்பு பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம். 400 ரூபாய் என்று வைத்தாலும் 9 பைசாதான் ஆகிறது! விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் இந்த வித்தியாசம் மாறாது. தூக்கிப் போடுறதும் ஒரு காலி பாட்டில்தான், சிப்பும் சர்க்யூட்டும் கிடையாது.

ஆனால் டேங்க் பிரிண்டரை சும்மா போட்டு வைத்தால் ஹெட் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு கலர் பக்கமாவது அடிக்கணும். சுவிட்ச் போர்டில் அணைக்காமல் பிரிண்டரில் உள்ள பட்டனில் அணைக்கணும். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். இன்னொன்று, சாய வகை இங்க்கில் அடித்த சான்றிதழ் மழையில் நனைந்தால் எழுத்து கரையும். அந்த விஷயத்தில் லேசர்தான் கில்லாடி.

டோனர் பவுடர் ரீபிள்

ஜெராக்ஸ் கடைகளுக்குப் பழகின எச்.பி. 12ஏ டோனர் 2,000 பக்கம் வரும். இந்த எண்ணிக்கை, பக்கத்தில் 5 சதவீத இடத்தில் மட்டும் எழுத்து இருந்தால்தான். ஆதார் போட்டோவை கருகருவென்று காப்பி எடுத்தால் சீக்கிரமே காலி.

ஒரிஜினல் வாங்க கட்டுப்படியாகாதவர்கள் பவுடர் ரீபிள் செய்கிறார்கள். அதில் தப்பே இல்லை. காசும் மிச்சம், பழைய பிளாஸ்டிக் கூடும் குப்பைக்குப் போகாது. ஆனால் இரண்டு மூன்று முறை ஆனதும் டிரம், பிளேடு தேயும். பக்கத்தில் நெடுக கோடு விழ ஆரம்பித்தால் அதை மாற்றச் சொல்லுங்க, பவுடரை மட்டும் கொட்டிக்கொண்டே இருக்காதீங்க. புது மாடல்கள் சிலதில் சிப் இருக்கும். ரீபிள் செய்தால் சிப்பையும் மாற்றணும், அந்தச் செலவை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

வேறு பெயரில் வெளிப்படையாக விற்கிற 'கம்பேட்டிபிள்' வேறு, ஒரிஜினல் மாதிரியே அட்டை அடித்து ஏமாற்றுகிற டூப்ளிகேட் வேறு. டூப்ளிகேட்டில் விலையும் ஒரிஜினலுக்கு பக்கத்தில் இருக்கும் என்பதுதான் கொடுமை. பில் இல்லாமல் வாங்காதீங்க.

வெளி இங்க் போட்டால் பிரிண்டரே வேலை செய்யாமல் மக்கர் பண்ணும் கதையும் உண்டு. 2016 செப்டம்பரில் எச்.பி.யின் சில ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் வெளி கார்ட்ரிட்ஜை திடீரென்று ஏற்க மறுத்து, உலகம் முழுக்க சத்தம் கிளம்பியது. 2017 மே மாதம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், லெக்ஸ்மார்க் கம்பெனி தொடுத்த வழக்கில், கார்ட்ரிட்ஜை விற்ற பிறகு அதன் மேல் காப்புரிமை பேச முடியாது என்று சொல்லிவிட்டது. அது அந்த ஊர் சட்டம். நாம் வாங்கும் முன்பே, "வெளி இங்க் ஏற்குமா?" என்று கடைக்காரரிடம் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

காலி டப்பாவை எரிக்காதீங்க!

டோனர் தூள் என்பது பிளாஸ்டிக்கும் கரியும் கலந்த பொடி. சூட்டில் உருகித்தான் அது காகிதத்தில் ஒட்டுகிறது. கையில் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவணும், வெந்நீர் வேண்டாம். ரீபிள் செய்கிறவர்கள் மூக்கில் மாஸ்க் கட்டாமல் ஊதித் தள்ளுவது நுரையீரலுக்கு ஆகாது. குப்பையோடு சேர்த்து எரித்தால் புகை நம்ம தெருவுக்குத்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளில் பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் சேர்க்கப்பட்டுள்ளன. மறுசுழற்சிக்கு தயாரிப்பாளரே பொறுப்பு. காலி கார்ட்ரிட்ஜை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, அடுத்தமுறை சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்க. நல்ல கூடாக இருந்தால் ரீபிள் கடைக்காரரே காசு கொடுத்து வாங்கிக்கொள்வதும் உண்டு.