கடலடி உலாவிற்குத் திட்டமிடுவோம்

கர்நாடகக் கடற்கரையில் உள்ள மீனவர் ஊர் முருடேஸ்வர். அங்கிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலில் நேத்ராணித் தீவு உள்ளது. மூச்சுக்கருவி அணிந்து நீரில் மூழ்கி, பவளங்களையும் வண்ண மீன்களையும் கண்டு மகிழப் பலர் அங்குச் செல்கின்றனர்.

இப்பயணத்திற்கு முதலில் பருவம் அறிதல் வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும். எனவே, அக்டோபர் முதல் மே வரையே ஏற்ற காலம்.

அடுத்து, திரும்பும் நேரத்தைக் கணக்கிடல் வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். அப்போது நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் மிகுதியாகக் கரைகிறது. அது மெல்லமெல்லவே வெளியேறும். அதற்குள் உயரமான இடத்திற்குச் சென்றால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல உடலினுள் குமிழிகள் தோன்றக்கூடும்; மூட்டுவலியும் மயக்கமும் நேரலாம்; உயிருக்கே ஊறு விளையலாம்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே, விமானத்தில் செல்வோர் மட்டுமல்லர், மேற்குத்தொடர்ச்சி மலையேறித் திரும்புவோரும் காத்திருத்தல் வேண்டும். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கடற்கரையிலேயே தங்குதல் நன்று. அவ்வோய்வு நேரத்தையும் சேர்த்தே விடுமுறையைத் திட்டமிடல் வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக: ஞாயிறு காலை 11 மணிக்கு இரண்டாம் முறை மூழ்கிக் கரையேறியவர், எப்போது பெங்களூருவிற்குப் புறப்படலாம்?