விடுதி மாற வேண்டுமென்று ஒரு கடிதம்

முத்தையன்கட்டு வாய்க்கால் நீரிலே நெல்லும் நிலக்கடலையும் விளைவிக்கும் கமக்காரர் ஒருவர், சிறுபோக நெல் குடலை தள்ளியிருந்த ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையிலே ஒரு கடிதம். யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலை ஒன்றின் விடுதியிலிருந்து, ஒன்பதாந் தரத்திற் படிக்கும் அவருடைய மகன் எழுதியது. இக்காலத்திலுமா கடிதமென்று வாசகர் வியக்க வேண்டாம். அவ்விடுதியிலே மாணவர்க்குக் கைத்தொலைபேசி கிடையாது.

"வாத்தியார், இதை ஒருக்கால் வாசியுங்கோ" என்றார்.

கடிதம் ஐந்து வரிகளுக்கு மேலில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வர இயலாமற் போனதைப் பற்றி ஒரு வரி. பாட்டியின் முழங்கால் நோவைப் பற்றி ஒரு வரி. பின்னர், அடுத்த தவணையில் தன்னை வேறொரு விடுதிப் பாடசாலைக்கு மாற்றிவிட வேண்டுமென்றும், அங்கே தன் நண்பன் ஒருவன் இருக்கிறானென்றும், காரணம் கேட்க வேண்டாமென்றும் எழுதியிருந்தான். கையெழுத்து நன்றாகவே இருந்தது. ஆனால், முந்திய கடிதங்களில் எள்ளுருண்டை அனுப்பு, பருத்தித்துறை வடை அனுப்பு என்று கேட்டவன் இதிலே ஒன்றுங் கேட்கவில்லை. தாயின் கண்ணிற் பட்டது அதுவே.

தகப்பனார் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. விடுதிக்குப் போன பிள்ளை அழாமலிருப்பதுண்டோ, இரண்டு மாதத்தில் எல்லாஞ் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. புலமைப்பரிசில் பரீட்சையிலே சித்தியெய்தி, ஊரே மெச்சப் போன பிள்ளை, நடுவழியில் இடம் மாறினால் நாலு பேர் என்ன சொல்வார் என்ற கூச்சமும் உள்ளூர இருந்தது. பாட்டியாரோ மாறுவதும் வேண்டாம், இருப்பதும் வேண்டாம், பிள்ளை வீட்டுக்கு வரட்டும் என்றார். அவர் நினைவிலே நிற்பது 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். முகமாலையிலே பாதை மூடப்பட, கண்டி வீதிக்கு அப்பால் இருந்தவர் அப்பாலும் இப்பால் இருந்தவர் இப்பாலுமாக நின்றுவிட்ட காலம் அது. பிள்ளை யாழ்ப்பாணத்திலும் பெற்றோர் வன்னியிலும் என்று பிரிந்திருந்த குடும்பங்களை அவர் அறிவார். பாதை திறந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும், விடுதியென்றால் அவருக்கு அந்த மூடிய பாதைதான்.

நம் இலக்கணநூலார் பிரிவுகளை வகுத்தபோது கல்விக்காகப் பிரிதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். தொல்காப்பியர் ஓதற்பிரிவு என்பதனைப் பகைவயிற் பிரிவோடும் தூதிற் பிரிவோடும் ஒருங்கு எண்ணினார். அதற்கு மூன்றாண்டென்று எல்லையும் கற்பியலிலே கூறினார். அது மணமான தலைமகனுக்குச் சொன்ன எல்லை. நம் பிள்ளைகளோ பதினொரு வயதில் ஆறாந் தரத்துக்குப் போய், பதின்மூன்றாந் தரம் முடித்து வரும்போது எட்டாண்டுகள் கழிந்துவிடுகின்றன. வளர்ந்தவனுக்கு மூன்று, வளராதவனுக்கு எட்டு! இதனை எண்ணிப் பார்த்தவர் அரியர்.

விடுதிக் கல்வி வடபுலத்துக்குப் புதிதன்று. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரியையும், 1824 இல் உடுவிலிலே பெண்கள் பாடசாலையையும் தொடங்கியபோதே, பிள்ளைகளை வீட்டினின்றும் பிரித்து வைத்துக் கற்பிக்கும் வழக்கம் இங்கு வேரூன்றிவிட்டது. 1913 இல் சேர் பொன். இராமநாதன் மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்காகக் கல்லூரி நிறுவியபோது, அதுவும் விடுதியோடுதான் எழுந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்து, கன்னங்கராவின் மத்திய கல்லூரிகள் நாட்டுப்புறங்களிலே தோன்றியபோது, ஏழைக் கமக்காரன் பிள்ளைக்கும் விடுதிக் கதவு திறந்தது. ஆயினும் வன்னிப் பெற்றோரின் கண் வடக்கு நோக்கியே இருந்தது. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி வவுனியாவிலும் மாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் ஏற்றிச் சென்ற றங்குப்பெட்டிகளுள் எத்தனை விடுதிப் பிள்ளைகளுடையவையோ! 1990 இல் அவ்விருப்புப்பாதை அறுந்தது. 2013 இல் கிளிநொச்சி வரையும் 2014 இல் யாழ்ப்பாணம் வரையும் மீண்டது. போரிலே ஆசிரியரையும் கூரையையும் இழந்த பாடசாலைகள் நிமிர்வதற்கு இருப்புப்பாதையினும் நீண்ட காலம் வேண்டியிருந்தது. ஆகவே விஞ்ஞானமும் கணிதமும் தேடிப் பிள்ளையை வடக்கே அனுப்பிய பெற்றோரைக் குறைகூறுதல் நியாயமன்று.

எனினும் நம் முன்னிருந்த கேள்வி, விடுதி நல்லதோ தீயதோ என்பதன்று. இந்தப் பிள்ளை மாறலாமா என்பதே. இதற்கு விடை காண, கடல் கடந்த நாட்டில் இருவர் கதையை அந்தத் தகப்பனாருக்குச் சொன்னேன்.

ஒருவர் வின்ஸ்டன் சேர்ச்சில். எட்டு வயதை எட்டுமுன்னரே, 1882 இல், அஸ்கொட்டில் இருந்த பெரும்பணப் பாடசாலை ஒன்றிலே அவரை விட்டனர். அங்கே தலைமையாசிரியரின் பிரம்பு ஓயாது வேலை செய்தது. சிறுவன் தாய்க்கு எழுதிய கடிதங்களிலே அதைப்பற்றி வாய்திறக்கவில்லை. உடம்பிலே தழும்பைக் கண்டவர் அவரை வளர்த்த செவிலித்தாய் என்பர். உடல்நலங் குன்றவே, 1884 இல் பிறைற்றனை அடுத்த ஹோவ் என்ற கடற்கரை ஊரிலே இரண்டு சகோதரிமார் நடத்திய சிறிய பாடசாலைக்கு மாற்றினர். அங்கும் அவர் நல்லொழுக்கப் பட்டியலிலே கடைசிதான்! ஆனால் அங்கே அன்பு இருந்தது. விரும்பியதைப் படிக்க இடமிருந்தது. பிற்காலத்திலே தம் இளமையை எழுதியபோது, முதற் பாடசாலையை வெறுப்போடும் இரண்டாவதை நன்றியோடும் நினைவுகூர்ந்தார்.

மற்றவர் சிறுவர் கதைகளாற் புகழ்பெற்ற றோல்ட் டால். 1925 இல், ஒன்பது வயதிலே, வேல்சிலிருந்து கடற்காலுக்கு அப்பாலுள்ள விடுதிக்கு அனுப்பப்பட்டார். இரவிலே வீடு இருக்கும் திசையைக் கணித்து, அத்திசைக்கு முதுகு காட்டாமலே படுப்பாராம். பிரிவு தாங்காமல் ஒருநாள் குடல்வால் நோவென்று நடித்து வீடு போய்ச் சேர்ந்தார். வீட்டு வைத்தியர் நடிப்பைக் கண்டுகொண்டார். ஆயினும் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்றுநாள் வீட்டில் இருக்கச் சொல்லி, இனி இவ்வாறு செய்யாதே என்று திருப்பி அனுப்பினார். சிறுவன் போனான், படிப்பைத் தொடர்ந்தான்.

இரண்டு பிள்ளைகளும் அழுதவர்களே. ஒருவருக்கு நோய் இடத்தில் இருந்தது. இடத்தை மாற்றியபோது தீர்ந்தது. மற்றவருக்கு நோய் பிரிவில் இருந்தது. அவரை வேறு விடுதிக்கு மாற்றியிருந்தால் அந்தப் பிரிவும் பெட்டியோடு கூடவே போயிருக்கும். உங்கள் பிள்ளையின் நோய் எது என்று கேட்டேன்.

"அது எப்படித் தெரியும் வாத்தியார்?"

"அவனைக் கேட்டால் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை இருவருமாகப் புறப்பட்டோம். மாங்குளத்திலே பஸ் மாறி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஆனையிறவு உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு போய்ச் சேர நண்பகலாயிற்று. பையன் மெலிந்திருந்தான். தகப்பனைக் கண்டதும் சிரித்தான். ஏன் மாறப் போகிறாயென்று கேட்டிருந்தால் நண்பன் பெயரைச் சொல்லியிருப்பான். ஆகவே வேறொன்று கேட்டேன். "தம்பி, விடுமுறை முடிஞ்சு திரும்பி வரேக்கை, எந்த இடத்திலே வயிறு கலங்குது? வீட்டுப் படலையிலையா, மாங்குளத்திலையா?"

சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "படலையிலை கொஞ்சம் அழுகை வரும். பஸ் ஏறினால் போயிடும். ஆனையிறவு தாண்டினால் சந்தோசமாயும் இருக்கும். இரவு லைற் நூத்தினாப் பிறகுதான்" என்றான்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. விளக்கு அணைந்த பின்னர் அவன் படுக்கும் கூடத்தில் மூத்த மாணவர் சிலர் அவனைக் கொண்டு உடுப்புத் தோய்ப்பித்தனர். வீட்டிலிருந்து வந்த தின்பண்டத்தைப் பறித்தனர். இவற்றையெல்லாம் அவன் பொறுத்திருப்பான். பொறுக்க இயலாமற் போனது, ஓராண்டாக அவன் பெயரைச் சொல்லாது "வன்னிக் காட்டான்" என்றே கூப்பிட்டதுதான்.

இவ்வசையைப் பற்றி ஒரு வார்த்தை. இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் போன்ற குளங்களின் கீழே காடு வெட்டிக் குடியேறியவருட் பலர் குடாநாட்டிலிருந்து வந்தவரே. இந்தப் பிள்ளையின் பாட்டனாரும் அவருள் ஒருவர். 1995 இல் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, வந்தவர்க்கு மரநிழலும் கிணற்று நீரும் கொடுத்தது இந்தக் காடுதான். காட்டானென்று சொல்லும் சிறுவர் இவற்றை அறியார். அறிந்த பெரியோர் அவர்க்குச் சொல்லவில்லை.

விடுதிப் பொறுப்பாசிரியரைக் கண்டோம். அவர் நல்லவர். அறியாதிருந்ததற்கு வருந்தினார். அன்றே பையனுக்கு வேறு கூடத்தில் இடம் ஒதுக்கினார். இத்தகைய இடத்திலே பொறுப்பானவர் செவிசாய்க்காவிடின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் உண்டென்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. அடியும் அவமதிப்பும் தொடருமிடத்தில், தவணை முடியட்டுமென்று காத்திருத்தல் கூடாது.

எங்கள் காரியம் அவ்வளவு அவசரமாக இல்லாமையால், ஆண்டிறுதி வரை பொறுத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வீடு திரும்பும் வழியிலே தகப்பனார் கணக்குப் பார்த்தார். மாறுவதாயின் ஒன்பதாந் தரத்தின் முடிவே தக்க வேளை. பத்தாந் தரத்திலே தொகுதிப் பாடங்கள் மூன்றைத் தெரிந்து தொடங்கிவிட்டால், புதிய பாடசாலையில் அவை இல்லாவிடின் பிள்ளை இடரும். மற்றொன்று, பலர் கருதாதது. நம் பல்கலைக்கழகங்களிலே பெரும்பாலான துறைகளுக்கு 40 விழுக்காட்டிடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 விழுக்காடு மாவட்டப்படியும், 5 விழுக்காடு கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பின்தங்கிய வரிசையில் உள்ளன. ஆனால் ஒரு மாணவரின் மாவட்டம் எதுவென்பது, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டு அவர் எங்கே கற்றார் என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. தாய்தந்தையர் வயல் எங்கே உள்ளதென்பதைக் கொண்டன்று. தொல்காப்பியர் சொன்ன மூன்றாண்டு இங்கே வேறொரு வடிவில் வந்து நிற்கிறது! நல்ல ஆசிரியரைத் தேடி வடக்கே போகும் வன்னிப் பிள்ளை தன் மாவட்ட வெட்டுப்புள்ளியை விட்டுவிட்டுப் போகிறான். போகலாகாதென்று நான் சொல்லவில்லை. தெரிந்து போக வேண்டும்.

கூடம் மாறிய பின் பையன் எழுதிய கடிதத்தில் எள்ளுருண்டை மீண்டும் வந்தது. ஆதலால் இனி அங்கேயே இருப்பானென்று நான் எண்ணினேன்; தகப்பனாரும் அவ்வாறே எண்ணி மகிழ்ந்தார். மார்கழி விடுமுறைக்கு வந்தவனை முற்றத்திலே இருத்தி, மூன்று வழியையும் அவன் முன் வைத்தோம். இருந்த இடத்தில் இருக்கலாம். நண்பன் இருக்கும் விடுதிக்குப் போகலாம். வன்னியிலேயே ஒரு பாடசாலையிற் சேரலாம். நண்பனை அவன் எடுத்த எடுப்பிலே தள்ளிவிட்டான். "அவனும் அங்கை இருந்து வரப் பாக்கிறான்" என்றான். இருப்பதற்கும் சம்மதிக்கவில்லை. இப்போது ஒருவரும் தன்னைத் தொடுவதில்லையென்றும், ஆனால் அந்தக் கட்டிடத்துக்குள்ளே எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதென்றும் சொன்னான். பதினான்கு வயதுப் பிள்ளை அவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு மறுமொழி சொல்ல எங்கள் இருவருக்கும் முடியவில்லை.

தை மாதத்திலே விடுகைப் பத்திரம் பெற்று, வெள்ளிக்கிழமைதோறும் வீடு வரக்கூடிய தூரத்தில் உள்ள பாடசாலை ஒன்றின் விடுதியிற் சேர்ந்தான். அங்கே ஆய்வுகூடம் சிறியது. கணித ஆசிரியர் ஒருவரே மூன்று வகுப்புக்கும் போகிறார். நாலு பேர் ஏதோ சொன்னார்கள்; காலபோக அறுவடை வந்ததும் அதை மறந்துவிட்டார்கள். பாட்டியார் மட்டும், பிள்ளை வெள்ளிக்கிழமை வருகிறான், ஞாயிற்றுக்கிழமை போகிறான், இது என்ன பள்ளிக்கூடமென்று இன்னமும் முணுமுணுக்கிறார்.

பழைய பாடசாலையிலே தனக்குக் கேத்திரகணிதம் கற்பித்த ஆசிரியரை விட்டு வந்ததுதான் வருத்தமென்று பையன் ஒருநாள் என்னிடம் சொன்னான். எழுதிப் பாரேன் என்றேன். எழுதினான். மறுமொழியோடு பத்துக் கணக்குகளும் வந்தன. அவற்றுள் ஏழைச் செய்து அனுப்பிவிட்டான். மீதி மூன்றையும் தூக்கிக்கொண்டு சென்ற ஞாயிறு என்னிடம் வந்தான். இரண்டு எனக்கும் பிடிபடவில்லை.